ஆகவே என்று முடிந்த புத்தகம்

வாசகர் வட்டத்தின் தலைவருக்கு அந்த டிசம்பரில் அடிக்கடி ஜலதோஷம் பிடித்தது. அதுவும் ஒரு குறிப்பிட்ட புத்தகத்தைக் கையில் எடுத்தால்தான் பிடித்தது. கீழே வைத்துவிட்டால் மூக்கு சரியாகிவிடும். டாக்டரிடம் சொல்லக்கூடிய வியாதி அல்ல அது. மனைவியிடம் சொல்ல முடியவே முடியாது.

தலைவர் என்றால் இப்போதுதான் தலைவர். முன்பு வடிகால் வாரியத்தில் தலைமைப் பொறியாளர். பூமிக்கு அடியில் எந்தக் குழாய் எங்கே ஒழுகுகிறது என்பதைத் தரையில் காலை வைத்தே சொல்லிவிடுவார் என்று பெயர் வாங்கியவர். ஓய்வு பெற்ற கையோடு, இனி குழாய்களை விட்டுவிட்டு மனித மனத்தின் ஆழங்களுக்குள் இறங்குவது என்று தீர்மானித்து வாசகர் வட்டத்தைத் தொடங்கினார். மாதம் ஒரு புத்தகம். தடியான புத்தகம். மடியில் வைத்துப் படித்தால் கால் மரத்துப்போக வேண்டும்; அவரைப் பொறுத்தவரை தரத்துக்கு அதுதான் அடையாளம்.

வட்டத்துக்கு ஆடிட்டர் செயலாளர். பல் டாக்டர் இடம் கொடுத்தவர். மற்றவர்கள் தலையாட்ட வந்தவர்கள். கூட்டம் நடந்தது பல் டாக்டரின் கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில். அங்கே உட்கார்ந்தாலே யாருக்கும் முகத்தில் ஒரு தீவிரம் வந்துவிடும் என்பதால், இலக்கியத்துக்கு அது ரொம்பப் பொருத்தமாக இருந்தது.

தலைவரின் புகழ் உச்சிக்குப் போனது நவம்பர் கூட்டத்தில். அந்த மாதத்துப் புத்தகம் ‘இன்மையின் விளிம்பு’. செங்கல் கனம். தலைவர் அதில் முதல் நூறு பக்கத்தையும், நியாயமாகச் சொன்னால், கடைசிப் பக்கத்தையும் படித்திருந்தார். கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில் ‘ஆகவே’ என்று ஒரு சொல். அதற்கப்புறம் ஒன்றுமில்லை. முற்றுப்புள்ளிகூட இல்லை. நேராக அட்டை.

தலைவர் அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார். “உலக இலக்கியத்துலயே ஒரு நாவலை ‘ஆகவே’ன்னு நிறுத்தற தைரியம் யாருக்கு வரும்? வாழ்க்கைக்கு முற்றுப்புள்ளி உண்டா? ஆகவே...” என்று சொல்லி, கையை அந்தரத்தில் நிறுத்தி, மேலே மின்விசிறியைப் பார்த்தார். எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். அந்தச் சொல்லைப் படித்தபோது தனக்கு உடம்பு சிலிர்த்ததாக ஆடிட்டர் சொன்னார். தனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை என்றார் பல் டாக்டர். பேச்சு, தலைவரின் புகைப்படத்தோடு சின்னப் புத்தகமாக அச்சாகி எல்லோருக்கும் போனது. அதற்குப் பிறகு வட்டத்தில் யாரை எதைக் கேட்டாலும், டீ வேண்டுமா என்று கேட்டால்கூட, “ஆகவே...” என்று சொல்லிவிட்டு மின்விசிறியைப் பார்ப்பது மரியாதையாகிவிட்டது.

அந்தப் பேச்சை அவர் வீட்டில் பீரோக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தபோது, பின்னால் கட்டிலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மனைவி மட்டும் ஒரு சந்தேகம் கேட்டாள்.

“ஏங்க, தைக்கறப்ப கடைசில கொஞ்சம் பக்கம் விட்டுப்போயிருக்குமோ?”

தலைவர் கண்ணாடியில் இருந்த தன்னைப் பார்த்தே சிரித்தார். மனைவி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். “உங்க டெலிபோன்ல பாதில லைன் கட்டானா அது கோளாறு. இலக்கியத்துல கட்டானா அது கலை. உனக்கு இதெல்லாம் பிடிபடாதும்மா.”

அடுத்தவர் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு வாங்காத மாதிரி இருப்பதுதான் அவள் ஆயுசுக்கும் பார்த்த வேலை. பட்டாணியை உரித்து முடித்தாள்.

டிசம்பருக்கு மட்டும் வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கொரு சீட்டில் ஒரு புத்தகத்தின் பெயரை எழுதி பிஸ்கட் டின்னில் போட்டு, ஒன்றை எடுப்பார்கள். மற்ற மாதங்களில் தலைவரே புத்தகத்தைச் சொல்லிவிடுவார், டிசம்பரில் ஜனநாயகம். எல்லோரும் தலைவருக்குப் பிடித்த பெயரையே எழுதிப் போட்டதால் ஜனநாயகத்தால் இதுவரை ஒரு தொந்தரவும் வந்ததில்லை. அந்த டின் வருஷம் முழுக்கத் தலைவர் வீட்டுச் சமையலறையில் கிராம்பும் ஏலக்காயும் தாங்கிக்கொண்டிருக்கும். டிசம்பரில் அதைத் துடைத்துக் கொடுப்பாள் மனைவி.

இந்த வருஷம் ஆடிட்டர் கையை விட்டு எடுத்த சீட்டு லேசாக ஏலக்காய் மணத்தது. அச்சடித்த மாதிரி எழுத்து. அவர் முதலில் மனதுக்குள் படித்தார், பிறகு தலைவரைப் பார்த்தார், பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்: “யாரும் கேட்டு வராத பெட்டி. கிறிஸ்துமஸ் காதல் நாவல்.”

அறையில் பல்லைப் பிடுங்கப்போகிற மாதிரி ஓர் அமைதி.

“யார் எழுதினது?” என்றார் தலைவர்.

யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. இன்னொரு சீட்டு எடுக்கலாம் என்றால், எடுத்த சீட்டே முடிவானது என்ற விதியைத் தலைவரே எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார், ஈறு நோய்ப் படத்துக்குப் பக்கத்தில். அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு பெருந்தன்மையாக எழுந்தார்.

“படிப்போம். எதிரியைத் தெரிஞ்சுக்காம எதிர்க்க முடியாது. கிறிஸ்துமஸ் முடிஞ்ச மறுநாள் கூட்டம். நான் பேசறேன். தலைப்பு, பண்டிகைக்கால மலிவுச் சரக்கு: ஒரு கண்டனம்.”

கைதட்டல் நன்றாகவே விழுந்தது. புத்தகக் கடைக்காரம்மாவிடம் எல்லோருக்கும் பிரதி சொல்லியாயிற்று. நவம்பர் புத்தகமும் அந்தக் கடையில் வாங்கியதுதான்.

கண்டிப்பதற்கு மேற்கோள் வேண்டும். ஆகவே தலைவர் சிவப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் பக்கத்தில் ‘பனி எதற்கு?’ என்று ஓரத்தில் எழுதினார். மூன்றாம் பக்கத்தில் ‘ரயில்வே நடைமுறைக்கு முரண்’. ஐந்தாம் பக்கத்தில் ‘தற்செயல்’ என்று எழுதி இரண்டு கோடு போட்டார்.

கதை இதுதான். ஒரு ரயில் நிலையம். பயணிகள் தொலைத்துவிட்டுப் போன சாமான்களை வைத்திருக்கும் அறை. அங்கே ஒரு குமாஸ்தா, அதிகம் பேசாதவன். கடைகளின் கண்ணாடி ஜன்னலில் கிறிஸ்துமஸ் அலங்காரம் செய்கிற பெண் ஒருத்தி, அங்கே இருக்கும் ஒரு பழுப்புப் பெட்டி தன்னுடையது என்று வந்து நிற்கிறாள். அவளுடையது இல்லை. அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். பெட்டிக்குள் என்ன இருக்கிறது சொல்லுங்கள் என்று கேட்கிறான். கம்பளிப் போர்வை என்கிறாள். யோசித்துவிட்டு நாளைக்கு வாருங்கள் என்கிறான். நாளைக்கு வந்து புல்லாங்குழல் என்கிறாள். யோசித்துவிட்டு நாளைக்கு வாருங்கள் என்கிறான்.

இப்படியே போகிறது. பத்தாம் பக்கத்துக்கு மேல் சிவப்புப் பென்சிலுக்கு வேலை குறைந்துபோனது. நாற்பதாம் பக்கத்தில் ‘சரி’ என்று ஒரே ஒரு சொல். ஆறாம் அத்தியாயத்தில் அவனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் உத்தரவு வருகிறது. அதை அவளிடம் சொல்லாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறான். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் தலைவர் தன்னையும் அறியாமல் எழுதியது, ‘சொல்லித் தொலையேண்டா’. அதற்கப்புறம் பென்சில் சோபாவுக்கு அடியில் உருண்டுபோய்விட்டது. அவர் தேடவில்லை.

ஜலதோஷம் ஆரம்பித்தது அங்கேதான்.

வீட்டுக்கு வந்தது ஒரே பிரதி. மனைவி அதை மத்தியான நேரத்தில் படித்தாள். அவளுக்கு டிசம்பரில் ஒரு முறை உண்டு. கல்யாணமான நாளிலிருந்து அவர் பார்த்துப் பார்த்துக் கேலி செய்த முறை. கிறிஸ்துமஸ் காதல் கதை ஒன்றைக் கண்டுபிடித்து, ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் என்று அளந்து படிப்பாள். கடைசி அத்தியாயம் சரியாகக் கிறிஸ்துமஸ் சாயந்திரம் வரும்படி பார்த்துக்கொள்வாள். அன்றைக்கு ஜன்னலில் நட்சத்திர விளக்கு, தட்டில் ஒரு துண்டு கேக், கோப்பையில் டீ, மடியில் கடைசி அத்தியாயம். “உன்னோட காதலன் வந்துட்டானா?” என்பார் தலைவர் தடிப் புத்தகத்துக்குப் பின்னாலிருந்து. “வந்துட்டே இருக்கான்” என்பாள். வருஷா வருஷம் இதே கேலி, இதே பதில்.

இப்போது அவள் கொண்டை ஊசியை அடையாளமாகச் செருகி வைத்த புத்தகத்தை, அவள் குளிக்கப் போகிற நேரமாகப் பார்த்து எடுத்து, ஊசி விழாமல் படித்து, தண்ணீர்ச் சத்தம் நின்றதும் இருந்த இடத்தில் இருந்தபடி வைப்பது தலைவரின் முறையாயிற்று. இந்த வயதில் இப்படி ஒரு திருட்டுத்தனம். மனிதர் வெந்நீர் தாராளமாக இருக்கிறதா என்று காலையிலேயே விசாரிக்க ஆரம்பித்தார்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவர் கடைசிக்கு வந்துவிட்டார். கதையிலும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். பனியில் ரயில்கள் நின்றுவிட்டன. குமாஸ்தா காலையில் ஊரை விட்டுப் போக வேண்டும். கதவு தட்டும் சத்தம். திறக்கிறான். அவள்தான். தலைமுடியெல்லாம் பனி. இன்றைக்கு அவளிடம் பதில் எதுவும் இல்லை, தெரியவில்லை என்கிறாள். அவன் பழுப்புப் பெட்டியைத் தூக்கி மேஜைமேல் வைக்கிறான். ‘இத்தனை நாளாக உங்களிடம் சொல்ல நினைத்தேன்,’ என்கிறான். ‘இந்தப் பெட்டிக்குள்’

தலைவர் பக்கத்தைப் புரட்டினார். அட்டை.

விரலை எச்சில் தொட்டு, பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. முதுகைப் பிடித்து உதறினார். கொண்டை ஊசிதான் விழுந்தது. குனிந்து எடுத்துச் செருகிவிட்டு, புத்தகத்தின் அடிப்பக்கத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். மடிப்பு மடிப்பாகத் தைத்த தாள்கள். கடைசி மடிப்பு இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்த பசை மட்டும், பிடுங்கிய பல்லுக்குப் பின் ஈறு மாதிரி.

எழுந்து போய்க் கண்ணாடி அலமாரியைத் திறந்தார். கௌரவமாக நடுவில் நின்ற ‘இன்மையின் விளிம்பு’ புத்தகத்தை எடுத்து அதன் அடிப்பக்கத்தையும் பார்த்தார்.

அதே பசை. அதே பள்ளம்.

பூமிக்கு அடியில் பெரிய குழாய் ஒன்று வெடித்தால் மேலே தரை லேசாக ஒரு தடவை அதிரும். அந்த அதிர்வு அவருக்குப் பழக்கமானது. ஆகவே கலை இல்லை. ஆகவே துணிச்சல் இல்லை. ஆகவே பைண்டர் ஒரு மடிப்பை மறந்துவிட்டிருக்கிறான். அதைத்தான் ஒரு மணி நேரம் பேசி, புகைப்படத்தோடு அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுத்திருக்கிறோம்.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. புத்தகங்கள் இரண்டும் இடத்துக்குப் போயின.

தலைவர் சாப்பிடவே இல்லை, சோற்றை அளைந்தார். கடையில் போய்க் கடைசிப் பக்கங்களைக் கேட்கலாம். கேட்டால் நவம்பர் புத்தகமும் வெளியே வரும், மானம் கப்பலேறும். கேட்காமல் விட்டால் அந்தப் பெட்டிக்குள் என்ன என்று தெரியாமலே போய்ச்சேர வேண்டியதுதான். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம் என்று வீராப்பாக நினைத்தார். ஆனால் நாளை மறுநாள் சாயந்திரம், நட்சத்திர விளக்கும் கேக்குமாக உட்கார்ந்து மனைவி பக்கத்தைப் புரட்டுவாள். அட்டை வரும்.

“ஏம்மா,” என்றார் மெதுவாக. “இந்த மாதிரிக் கதையெல்லாம் பாதில நின்னா எப்படி இருக்கும்?”

“எதுக்கு நிக்கணும்?”

“சும்மா ஒரு பேச்சுக்கு.”

“லைன் கட்டான மாதிரி இருக்கும்,” என்றாள் மனைவி. “மோர் ஊத்தட்டுமா?”

மறுநாள் காலை கடை திறக்கும் நேரத்துக்குத் தலைவர் காதை மறைத்து மப்ளர் சுற்றிக்கொண்டு கிளம்பினார். கடை வாசலில் காகித நட்சத்திரம் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து பல் டாக்டர் வந்தார், கோட்டுக்குள் எதையோ தட்டையாக அணைத்துக்கொண்டு.

“தலைவரே. நீங்க எங்க இந்தப் பக்கம்?”

“ஜலதோஷம். காத்தாட நடக்கலாம்னு.”

“நான் காலண்டர் வாங்க வந்தேன்.”

“நல்ல காலண்டரா?”

“மாமியாருக்கு,” என்றார் டாக்டர், கேட்காத கேள்விக்கு. அப்படியே நழுவினார்.

உள்ளே போட்டித் தேர்வு வழிகாட்டிகள் அடுக்கிய வரிசைக்குப் பின்னால் ஒரு வழுக்கைத் தலை தாழ்ந்தது. அந்தத் தலையைத் தலைவருக்கு எங்கேயும் தெரியும். ஆடிட்டர்.

“ஒளிய வேண்டாம் சார், காலு மரத்துப்போகும்,” என்றாள் கடைக்காரம்மா கல்லாவிலிருந்து. மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். ஆளை எடை போட மட்டும் மாட்டிக்கொள்வாள். இப்போது மாட்டிக்கொண்டாள்.

ஆடிட்டர் எழுந்து நின்றார். கையில் மடித்த தாள் கட்டு ஒன்று. “மச்சினிக்கு,” என்றார். “பிடிவாதம் பிடிக்கறா.” சொல்லிவிட்டுத் தேவைக்கு மீறிய வேகத்தில் வெளியே போனார்.

“டாக்டருக்கு மாமியார். ஆடிட்டருக்கு மச்சினி. நேத்து வந்தவருக்குப் பக்கத்து வீட்டம்மா,” என்றாள் கடைக்காரம்மா. “இந்த ஊர்ப் பொம்பளைங்க எல்லாரும் ஒரே புத்தகத்தைத்தான் படிக்கறாங்க போல. ஆம்பளைங்களுக்குச் சுமக்கற வேலை மட்டும். உங்களுக்கு யாருக்கு சார்?”

தலைவர் மப்ளரை அவிழ்த்தார். நாக்கின் நுனியில் “வீட்டம்மாவுக்கு” என்பது வந்து உட்கார்ந்திருந்தது. பாதி உண்மையும்கூட. வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

“வீட்டம்மாவுக்குன்னு மட்டும் சொல்லாதீங்க. அவங்க முதல் ஆளா வந்து வாங்கிட்டுப் போயாச்சு.”

“யாரு, எங்க வீட்லயா?”

“புத்தகம் வந்த மறுநாளே வந்து நின்னாங்க. அவங்க சொல்லித்தான் எனக்கே தெரியும், பைண்டர் கடைசிப் பாரத்தைச் சேர்க்காமத் தைச்சுட்டான்னு. பதினாறு பக்கம் ஒரு பாரம். போன மாசத்துப் புத்தகத்தையும் பாருங்கன்னாங்க. பார்த்தேன். அதுலயும் அப்படித்தான். பைண்டர்கிட்ட சொல்லி ரெண்டுக்கும் விட்டுப்போன பாரத்தை வரவழைச்சேன்.”

தலைவர் வழிகாட்டிகளைப் பிடித்துக்கொண்டார். “தெரிஞ்சுமா எங்களுக்குச் சொல்லலை?”

“சொன்னா எல்லாத்தையும் திருப்பிக் கொண்டாந்து கொட்டுவீங்க. அப்புறம் நீங்கதான் கலைன்னு அச்சடிச்சே கொடுத்துட்டீங்களே. கலையைத் திருப்பி வாங்கிக்க எங்கிட்ட இடம் ஏது சார்?” அவள் குனிந்து கல்லாவுக்குக் கீழேயிருந்து சணல் கட்டிய ஒரு பொதியை எடுத்து மேலே வைத்தாள். தூசி பறந்தது. “இது நவம்பரோடது. ஒரு ஆள் கேட்டு வரலை. உங்க வீட்டம்மாகிட்டகூடச் சொன்னேன், இதுலயும் ஒண்ணு எடுத்துட்டுப் போங்கன்னு. வேண்டாம், அதை அவரே வந்து கேக்கட்டும்னுட்டாங்க.”

தலைவர் அந்தப் பொதியைப் பார்த்தார். பிறகு காதல் நாவலின் பாரங்களைத் தேடிக் கல்லாவுக்குக் கீழே பார்த்தார். காலி.

“எண்ணித்தான் சார் வந்துச்சு, புத்தகத்துக்கு ஒண்ணு. உங்க புத்தகத்தோடது உங்க வீட்லதான் இருக்கு,” என்றாள் கடைக்காரம்மா. கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். குரலும் கொஞ்சம் இறங்கியது. “உங்களுக்கு அந்த முடிவு யாருக்காக வேணும்? தெரிஞ்சுக்கலாம்னு கேக்கறேன்.”

“எனக்குத்தான்,” என்றார் தலைவர்.

“இந்தக் கடைல அப்படிச் சொன்ன முதல் ஆம்பளை நீங்கதான்,” என்றாள் அவள். பொதியை அவர் பக்கம் தள்ளினாள். “இதை எடுத்துட்டுப் போங்க. எனக்கும் இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கு.”

வீட்டில் மனைவி ஸ்டூலில் ஏறி ஜன்னலில் நட்சத்திர விளக்கைக் கட்டிக்கொண்டிருந்தாள். தலைவர் பொதியைக் கீழே வைத்தார். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். அது ஆடவில்லை, பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது.

“கடைக்குப் போயிருந்தேன்.”

“தெரியும். மப்ளர் போட்டுக்கிட்டுப் போனீங்களே.”

“எப்பலேர்ந்து தெரியும்?”

“புத்தகம் வந்த அன்னைக்கே கடைசிப் பக்கத்தைத் தொறந்தேன். படிக்கலை. முற்றுப்புள்ளி இருக்கான்னு மட்டும் பார்த்தேன்.” அவள் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்தாள். “இல்லை.”

“அதைக் கேக்கலை. நான் படிக்கறது.”

“ஓ, அதுவா.” கயிற்றை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். “சொல்லித் தொலையேண்டான்னு எழுதினீங்களே, அங்கேர்ந்து. தினம் நான் குளிக்கப் போறப்ப வெந்நீர் போதுமான்னு கேப்பீங்களே, அதுக்கு முன்னாடி எந்தக் காலத்துல கேட்டீங்க? இந்த மாசம் நான் அரை மணி நேரம் கூடுதலாக் குளிச்சு, உடம்பே ஊறிப்போச்சு.”

தலைவருக்கு மேடையில் தண்ணீர் மாதிரி வருகிற பேச்சு ஸ்டூலடியில் வரவில்லை. “நீ நவம்பர்லயே கேட்ட. தைக்கறப்ப விட்டுப்போச்சோன்னு. நான் என்னென்னமோ சொன்னேன்.”

“கலைன்னு சொன்னீங்க.”

“கோளாறுதான்.”

“ம்.”

“அந்தப் பக்கங்களைக் கொடேன்.”

“நாளைக்குச் சாயந்திரம்.”

“பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு மட்டும் சொல்லிடு.”

“எனக்கே தெரியாது. பிரிச்சுப் பார்க்கலை.” அவள் அவர் தோளில் கை வைத்து இறங்கினாள். “யோசிச்சுட்டு நாளைக்கு வாங்க.”

தலைவருக்கு அந்த ஒரு நாள் நகரவில்லை. மறுநாள் சாயந்திரம் நட்சத்திர விளக்கு எரிந்தது. வழக்கமாக ஒரு தட்டு இருக்கிற இடத்தில் இரண்டு தட்டு. மனைவி அலமாரித் துணிகளுக்கு அடியிலிருந்து பதினாறு பக்கத்தை எடுத்து அவரிடமே நீட்டினாள். “கண்ணு கூசுது. நீங்க படிங்க.”

தலைவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கையை உயர்த்தினார்.

“மேடைல பேசற மாதிரி வேண்டாம்,” என்றாள்.

கையை இறக்கிவிட்டு, கதை நின்ற இடத்திலிருந்து சேர்த்துப் படித்தார். ‘இந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது. திறந்து பார்க்கவே இல்லை. சரியான பதிலை நீங்கள் சொல்லிவிட்டால் அப்புறம் வர மாட்டீர்களே என்று இருந்தது.’

அதற்குமேல் தலைவருக்கு ஜலதோஷம். மனைவி டீயைக் குடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் மூக்கும் அப்படி ஒன்றும் சரியாக இல்லை. பிறகு மீதியையும் படித்தார். மாற்றல் உத்தரவு கிழிக்கப்படவில்லை. அவள் அவனோடு போனாள், அந்த ஊரிலும் கண்ணாடி ஜன்னல்கள் இருந்தன. கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு நாள் பெட்டியைத் திறந்தால் உள்ளே யாருடையதோ ஒரு ஜோடி பழைய செருப்பு. இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். முற்றுப்புள்ளி.

“நல்லா இருக்கு,” என்றார் தலைவர்.

“உங்க காதலன் வந்துட்டானா?” என்றாள் மனைவி.

கேக்கின் கடைசித் துண்டை எடுக்கும்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. “அந்த டிசம்பர் சீட்டு. அதுல ஏலக்காய் வாசனை வந்துச்சு.”

“டின்னுல ஏலக்காய் இருந்துச்சுல்ல. எல்லாச் சீட்டும்தான் மணக்கும்.”

“இல்லை. மத்ததெல்லாம் அப்பத்தான் எழுதிப் போட்டோம். அது மட்டும் ரொம்ப நாளா உள்ள கிடந்த மாதிரி.”

“எடுத்த சீட்டே முடிவானது,” என்றாள் அவள். “கேக்கைச் சாப்பிடுங்க.”

அடுத்த நாள் கூட்டத்தில் வட்டம் முழுக்க முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மடியில் காதல் நாவல், அசிங்கமான எதையோ தொடுகிற மாதிரி இரண்டு விரலால் பிடித்தபடி. தலைவர் எழுந்தார். கண்டனம் எழுதிய தாள் வீட்டிலேயே இருந்தது. சணல் கட்டிய பொதியை மேஜைமேல் வைத்தார்.

“நவம்பர்ல நான் பேசின புத்தகத்தை நான் முழுசாப் படிக்கலை,” என்றார். “கடைசிப் பக்கத்தைப் படிச்சேன். அதுவும் கடைசிப் பக்கம் இல்லை. பைண்டர் விட்டுட்டார். விட்டதை நான் கலைன்னேன். விட்டுப்போன பக்கம் இதோ இருக்கு.”

ஆடிட்டர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். “தலைவர் அடக்கமா சொல்றார்,” என்றார் மற்றவர்களிடம்.

“அடக்கமெல்லாம் இல்லை. ஆகவேக்கு அப்புறம் என்ன வருதுன்னு கேளுங்க.” பொதியிலிருந்து ஒன்றை உருவி, முதல் வரியை ஆகவேயோடு சேர்த்துப் படித்தார். “‘ஆகவே அவன் பால் வாங்கப் போனான்.’”

யாரும் மின்விசிறியைப் பார்க்கவில்லை. பல் டாக்டருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. கர்ச்சீப்பால் அடக்கப் பார்த்து முடியாமல் வெளியே வந்துவிட்டது. “நான் எண்பதாவது பக்கத்தைத் தாண்டலை,” என்றார். “தூக்கம் வரலைன்னு சொன்னது பொய். அதைப் பிரிச்சாலே வரும்.”

“எண்பது வரைக்கும் போனீங்களா?” என்றார் ஆடிட்டர், ஒரு மரியாதையோடு. “நான் முன்னுரைதான்.”

அதன் பிறகு ஆளாளுக்குக் குறைந்த பக்கத்தைச் சொல்லி முந்தப் பார்த்தார்கள். அந்தப் போட்டி அடங்கியதும் யாரோ, “அந்தச் செருப்பு யாரோடதா இருக்கும்?” என்று கேட்டார். அவ்வளவுதான். மாமியாருக்காகவும் மச்சினிக்காகவும் பக்கத்து வீட்டம்மாவுக்காகவும் படித்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். ஆடிட்டர், அவள் முதலில் சொன்ன கம்பளிப் போர்வைதான் எழுத்தாளரின் மனதில் இருந்த பதில் என்று மேஜையைத் தட்டினார். வட்டம் தொடங்கிய நாளிலிருந்து முதல்தடவையாக, கூட்டம் முடிய வேண்டிய நேரம் தெரியாமல் போய், பல் வலிக்காரர் ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்று கலைக்க வேண்டியதாயிற்று.

தலைவர் வீட்டுக்கு வந்தபோது மனைவி நட்சத்திர விளக்கின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“எத்தனை பேர் எடுத்துட்டுப் போனாங்க, நவம்பர் பக்கத்தை?”

“யாரும் எடுக்கலை. மேஜைலயே கிடக்கு.”

“பாவம்.”

“நான் எடுத்துட்டு வந்தேன்,” என்றார் தலைவர். அலமாரியைத் திறந்து ‘இன்மையின் விளிம்பு’ புத்தகத்தைத் தூக்கி வந்து சோபாவில் உட்கார்ந்தார். கால் மரத்துப்போகிற கனம். நூறாம் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். “பால் வாங்கப் போனவன் என்ன ஆனான்னு பார்க்கணும்ல. அடையாளத்துக்கு ஏதாவது கொடேன்.”

அவள் கொண்டையிலிருந்து ஓர் ஊசியை எடுத்துக் கொடுத்தாள்.